பேட்டன்: ஒரு மெல்லிய சட்டமும் அது பிடித்து நிறுத்தும் பொருள்களும்

ஆங்கில அகராதியில் பேட்டன் என்ற சொல்லைத் தேடிப் போகிறவர் கொஞ்சம் குழம்பித்தான் திரும்புவார். முதலில் மரச் சட்டம் என்று இருக்கும். சற்றுக் கீழே கொழுத்துப் பெருத்தல் என்று இருக்கும். அதற்கும் கீழே தறியின் ஓர் உறுப்பு என்று வரும். இடையில் ஓட்டுக் கூரை, பாய்மரப் படகு, நாடக மேடை, குழல்விளக்கு எல்லாம் வந்து போகும். இவற்றுக்குள் ஏதாவது தொடர்பு உண்டா, எந்த இடத்தில் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது என்று கேட்கத் தோன்றும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தொடர் ஓட்டத்தில் கைமாற்றிக் கொடுக்கும் குட்டைக் கோலையும் நாம் பேட்டன் என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அது வேறு எழுத்துக்கூட்டு உள்ள வேறு சொல். ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். கோல், தடி என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து இரண்டும் பிறந்தன. ஒன்று கையில் பிடிக்கும் கோலாகவே நின்றுவிட்டது. மற்றது ஆணியடித்துப் பொருத்தும் சட்டமாக வளர்ந்தது. இங்கே பேசப்போவது அந்த இரண்டாவது பிள்ளையைப் பற்றி.

சரி, அகராதியில் இருக்கும் மற்ற பொருள்கள்? எழுத்துக்கூட்டு ஒன்றாக இருந்தாலும் அவை தனிச் சொற்கள். தமிழில் ஆறு என்றால் நதியும் உண்டு, எண்ணும் உண்டு. இரண்டுக்கும் உறவு தேடினால் கிடைக்காது. அதுபோல, கொழுத்தல் என்ற பொருளில் வரும் வினைச்சொல் வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு மேம்படுதல், தேறுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘பெட்டர்’ என்கிறோமே, அதற்கு இது சொந்தம். தறியில் வரும் பேட்டன், அடித்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இந்த இரண்டையும் கடைசியில் பார்க்கலாம். முதலில் சட்டத்தைப் பிடிப்போம், பயன்பாடுகளில் பெரும்பாலானவை அதன் பின்னால்தான் வருகின்றன.

பேட்டன் என்பது அகலம் குறைந்த, தடிமனும் குறைந்த, நீளமான ஒரு துண்டு. தனியாகப் பார்த்தால் அதற்குப் பெரிய வலு கிடையாது. அது தூண் அல்ல, விட்டமும் அல்ல. ஆனால் எங்கே அது இருந்தாலும் வேறொரு பொருள் தன் இடத்தில் நிற்க அதுதான் காரணமாக இருக்கும். அதனால் இந்தச் சொல்லை எங்காவது சந்தித்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, இது எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பதுதான். பதில் கிடைத்ததும் பொருள் தானாகத் தெளிந்துவிடும்.

கூரையில்

கட்டட வேலையில் பேட்டன் என்றால் பெரும்பாலும் ஓட்டுக்கூரையில் கைமரங்களுக்கு, அதாவது உச்சியிலிருந்து சரிவாக இறங்கும் மரங்களுக்கு, குறுக்கே அடிக்கும் சட்டம். தமிழில் இதற்கு வரிச்சு என்ற பழைய சொல் உண்டு. வேலைத்தளத்தில் ரீப்பர் என்பார்கள். ரீப்பர் ஆங்கிலம் மாதிரி ஒலித்தாலும், பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ போய் இந்தப் பொருளில் சொன்னால் கதிர் அறுப்பவரைத்தான் நினைத்துக்கொள்வார்கள். அங்கே இதன் பெயர் பேட்டன்தான்.

ஓட்டின் அடிப்பக்கத்தில் மேல் ஓரமாக ஒரு சிறு மூக்கு இருக்கும். அந்த மூக்கு ரீப்பரில் மாட்டிக்கொள்வதால்தான் ஓடு சரிவில் வழுக்கி விழாமல் நிற்கிறது. ரீப்பர்களை எவ்வளவு இடைவெளியில் அடிப்பது என்பதை ஓடுதான் தீர்மானிக்கும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். கணக்கு உண்மையில் எளிது.

மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். 420 மி.மீ நீளமுள்ள ஓடு, 75 மி.மீ ஏறி உட்கார வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 420-இலிருந்து 75-ஐக் கழித்தால் 345. இதுதான் ரீப்பருக்கு ரீப்பர் இருக்கக்கூடிய அதிகபட்ச இடைவெளி. இப்போது கூரையின் கீழ் ரீப்பருக்கும் உச்சி ரீப்பருக்கும் இடையே 4,000 மி.மீ தூரம் என்றால், அதை 345-ஆல் வகுத்தால் 11.6 வரும். அதை 12 என்று மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். 4,000-ஐ 12-ஆல் வகுத்தால் 333 மி.மீ. அந்த அளவில் எல்லாவற்றையும் சமமாக அடித்துவிடலாம். ஓடு கொஞ்சம் கூடுதலாக ஏறி உட்கார்ந்தால் பாதகமில்லை, குறைந்தால்தான் ஒழுகும்.

பிரிட்டனில் வழங்கும் சிறிய தட்டை ஓடுகளில் கணக்கு சற்று மாறும். அவற்றின் நீளம் 265 மி.மீ. அங்கே கூரையின் எந்தப் புள்ளியிலும் குறைந்தது இரண்டு ஓடுகளாவது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி அடுக்குவார்கள். ஓர் ஓடு தனக்குக் கீழே இரண்டாவது வரிசையில் இருக்கும் ஓட்டின் தலையையும் 65 மி.மீ மூட வேண்டும். அதனால் 265-இலிருந்து 65-ஐக் கழித்து, வரும் 200-ஐ இரண்டால் வகுக்க வேண்டும். கிடைப்பது 100 மி.மீ. ரீப்பர்கள் மிக நெருக்கமாகப் போவது இதனால்தான்.

கைமரங்கள் 600 மி.மீ இடைவெளியில் இருந்தால் அங்கே வழக்கமான ரீப்பர் 50 மி.மீ அகலமும் 25 மி.மீ தடிமனும் கொண்டது. ஓட்டின் எடையைத் தாங்குவதற்கு மட்டும் இந்த அளவு இல்லை. ஓடு வேய்பவர் இதன்மேல்தான் கால் வைத்து ஏறுகிறார். ஒரு பெரிய முடிச்சு இருக்கும் இடத்தில் ரீப்பர் முறிந்தால் ஆள் கீழே விழுந்துவிடுவார். கூரைக்கு என்று தரம் பிரித்த மரத்தையே வாங்கச் சொல்வது இதற்காகத்தான், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன்.

சில கூரைகளில் ரீப்பருக்கு அடியில், கைமரத்தின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இன்னொரு சட்டமும் அடிப்பார்கள். ஓட்டுக்கும் அதன் அடியிலுள்ள விரிப்புக்கும் இடையே காற்று நடமாட வழிவிடுவதும், தப்பித் தவறி உள்ளே வந்த தண்ணீர் தடையில்லாமல் கீழே இறங்க வழிசெய்வதும் அதன் வேலை. இங்கே பேட்டன் பிடித்து நிறுத்துவது ஓர் இடைவெளியை. சுவரில் சட்டங்களை அடித்து அதன்மேல் பலகை பொருத்தும்போதும் இதே கதைதான்.

பலகையில்

மரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஈரக்காற்றில் உப்பும், உலர்ந்த காற்றில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். அகலமான பலகைகளை நெருக்கி அடித்துச் சுவர் அமைத்தால் உப்பும் காலத்தில் ஒன்றையொன்று முட்டி வளையும், சுருங்கும் காலத்தில் நடுவே பிளவு தெரியும். இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பலகைகளை நட்டக்குத்தாக, வேண்டுமென்றே சிறு இடைவெளி விட்டு நிறுத்துவது, அந்த இடைவெளிகளை மூடக் குறுகிய சட்டங்களை மேலே அடிப்பது. சட்டத்தின் ஆணி பலகைகளில் இறங்காமல், இடைவெளி வழியாகப் பின்னால் உள்ள சட்டகத்தில் போய் இறங்க வேண்டும். அப்போதுதான் இருபுறப் பலகைகளும் சட்டத்தின் அடியில் தாராளமாக நகரும். ஆணியைப் பலகையில் அடித்துவிட்டால் அடுத்த பருவத்தில் பலகை வெடிக்கும். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோட்ட வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் இந்த வகைச் சுவரைக் கிராமத்து வீடுகளுக்குப் பெரிதும் பரிந்துரைத்தார். இன்றும் வீட்டு முகப்புகளில் அந்த நெட்டுக் கோடுகளைப் பார்க்கலாம். பல இடங்களில் அது இப்போது வெறும் தோற்றம்தான், பின்னால் இருப்பது ஒரே தகடு.

மேசைப் பலகை வளையாமல் இருக்க அடியில் குறுக்காகப் பொருத்தும் சட்டமும் பேட்டன்தான். அங்கே திருகாணித் துளையை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் துளைப்பார்கள். காரணம் அதேதான், மரம் அசைய இடம் வேண்டும்.

நெட்டுப் பலகைகளைப் பின்புறம் குறுக்குச் சட்டங்களால் இணைத்துச் செய்யும் எளிய கதவைப் பார்த்திருப்பீர்கள். குறுக்குச் சட்டங்கள் மட்டும் இருந்தால், தாழ்ப்பாள் பக்கம் நாளடைவில் தொங்கிப்போகும். அதற்காக ஒரு சாய்வுச் சட்டம் சேர்ப்பார்கள். அதன் கீழ்முனை கீல் பக்கத்திலும் மேல்முனை தாழ்ப்பாள் பக்கத்திலும் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் கதவின் எடை சட்டத்தை அழுத்தும். மாற்றி வைத்தால் எடை அதை இழுக்கும், ஆணிகள் தளரும். மரம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், ஆணி பிடித்த முனைகள் இழுப்பை அவ்வளவாகத் தாங்காது.

வேலை முடிந்ததும் கழற்றி எறியும் பேட்டனும் உண்டு. குளியலறைச் சுவரில் ஓடு பதிப்பவர், தரை சரியான மட்டத்தில் இருக்கும் என்று நம்பமாட்டார். ஓர் ஓட்டின் உயரத்தில் ஒரு நேரான சட்டத்தை மட்டம் பார்த்து அடித்து, அதன்மேல் இரண்டாம் வரிசையை முதலில் பதிப்பார். பசை இறுகியதும் சட்டத்தைக் கழற்றிவிட்டு, தரையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வெட்டிக் கீழ் வரிசையைப் பதிப்பார். அறுக்கும் இயந்திரம் கோணாமல் போக ஒரு நேரான சட்டத்தைப் பலகையில் இறுக்கி வைத்துக்கொள்வதும் இதே வகை.

எஃகுக் கட்டுமானத்தில் இரண்டு இரும்புச் சட்டங்களை அடுத்தடுத்து நிறுத்தி ஒரே தூணாக்கும்போது, இடையிடையே ஏணிப்படி மாதிரி இணைக்கும் தகடுகளுக்கும் பேட்டன் என்று பெயர். சுமையைத் தாங்குவது இரண்டு சட்டங்கள்தான். தகடுகள் இல்லாவிட்டால் அவை தனித்தனியாக வளைந்து போகும்.

கடலில்

‘பேட்டன் டவுன் த ஹேட்சஸ்’ என்ற ஆங்கிலத் தொடரைப் பலரும் செய்திகளில் படித்திருப்பார்கள். கெட்ட காலம் வருகிறது, தயாராகிக்கொள் என்ற பொருளில் அது இன்று வழங்குகிறது. ஆனால் கப்பலில் அது ஒரு குறிப்பிட்ட வேலை.

பழைய சரக்குக் கப்பலின் மேல்தளத்தில், சரக்கு ஏற்றி இறக்கப் பெரிய திறப்புகள் இருக்கும். திறப்பைச் சுற்றி உயரமான ஒரு விளிம்பு. குறுக்கே உத்தரங்களை வைத்து, அவற்றின்மேல் பலகைகளைப் பரப்பி மூடுவார்கள். பலகைகளுக்கு இடையே தண்ணீர் புகுமே? அதற்காக மேலே தார்ப்பாயை விரித்து, ஓரங்களை விளிம்பின் வெளிப்பக்கமாக மடித்துவிடுவார்கள். இந்தத் தார்ப்பாயைப் புயல்காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும். விளிம்பில் வரிசையாகக் கொக்கிகள் இருக்கும். தார்ப்பாயின் மடிப்பின்மேல் நீளமான மரச் சட்டத்தையோ இரும்புப் பட்டையையோ வைத்து, கொக்கிக்கும் பட்டைக்கும் நடுவே மர ஆப்புகளைச் சம்மட்டியால் அடித்து இறுக்குவார்கள். அந்தப் பட்டைதான் பேட்டன்.

ஓர் ஆப்பு கழன்று, பேட்டன் தளர்ந்து, தார்ப்பாய் கிழிந்துபோனால் அலைத்தண்ணீர் நேராகச் சரக்கறைக்குள் கொட்டும். கப்பல் மூழ்கவும் கூடும். அந்தப் பட்டைகளின் பின்னணி தெரிந்த பிறகு இந்தத் தொடரை என்னால் வெறும் அலங்காரமாகப் படிக்க முடிவதில்லை. தமிழில் இதை வருமுன் காத்தல் என்று சொன்னால் பொருள் வந்துவிடும். புயலும் கடலும் பேசப்படும் இடமானால் ‘தார்ப்பாயை இறுக்கிக் கட்டு’ என்று எழுதுவேன்.

சரக்கறையின் உட்பக்கச் சுவரிலும் சட்டங்கள் அடித்திருக்கும். வெளியே குளிர்ந்த கடல், உள்ளே வெதுவெதுப்பான காற்று, நடுவே இரும்புத் தகடு. தகட்டின் உட்புறம் வியர்த்து நீர் வடியும். மூட்டைகள் அந்த ஈரத்தைத் தொடாமல் தள்ளி நிற்கவே அந்தச் சட்டங்கள்.

பாய்க்குள்ளும் பேட்டன் உண்டு. முக்கோணப் பாயின் பின்விளிம்பு நேர்கோடாக இல்லாமல் வெளியே புடைத்து இருந்தால் பாயின் பரப்பு கூடும், வேகமும் கூடும். ஆனால் துணி சும்மா புடைத்து நிற்காது, மடங்கிப் படபடக்கும். அதனால் பின்விளிம்பிலிருந்து உள்ளே போகும்படி பாயில் நீளப் பைகள் தைத்து, அவற்றில் சலாகைகளைச் செருகுவார்கள். முன்பு மரத்தில் செய்தார்கள், இப்போது கண்ணாடியிழை அல்லது கார்பன் இழை. சலாகை ஒரு முனையில் மெலிந்திருந்தால், அந்த மெலிந்த முனை முன்பக்கம் போக வேண்டும். பாய் முன்பகுதியில் நன்றாகக் குழிந்து, பின்பகுதியில் தட்டையாக இருப்பதுதான் காற்றைப் பயன்படுத்த ஏற்ற வடிவம்.

சீனத்து ஜங்க் கப்பல்களில் இது இன்னொரு உயரத்துக்குப் போயிருக்கிறது. அங்கே மூங்கில் சட்டங்கள் பாயின் முழு அகலத்துக்கும் ஓடும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு கட்டம் என்று பாய் முழுவதும் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். துணி கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். காற்று வலுத்தால், கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கீழ்க்கட்டங்கள் விசிறி மடங்குவது போல அடுக்காக மடங்கிவிடும். ஆள் எழுந்து முன்னால் போக வேண்டியதில்லை. 1960-இல் நடந்த முதல் ஒற்றையாள் அட்லாண்டிக் படகுப் போட்டியில் பிரிட்டனின் பிளாண்டி ஹாஸ்லர் ‘ஜெஸ்டர்’ என்ற சிறு படகில் இந்த வகைப் பாயைத்தான் கட்டினார். பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு 48 நாளில் போய் இரண்டாவதாகச் சேர்ந்தார்.

வளைகோடு வரைய

இப்போது எல்லாப் பயன்பாடுகளிலும் அழகானது என்று நான் நினைப்பதற்கு வருகிறேன்.

கப்பலின் உடல் முழுக்க வளைவுகள். கணினி இல்லாத காலத்தில் அந்த வளைவுகளை எப்படி வரைந்தார்கள்? கப்பல் கட்டும் இடத்தில் ஒரு பெரிய கூடத்தின் தரைதான் அவர்களுக்குத் தாள். கப்பலின் முழு அளவிலேயே கோடுகளைத் தரையில் வரைவார்கள். கணக்கிட்ட புள்ளிகளைக் குறித்து, அந்தப் புள்ளிகளில் ஆணி அடித்து, வளையக்கூடிய மெல்லிய மரச் சட்டம் ஒன்றை ஆணிகளைத் தொட்டுப் போகும்படி வளைத்து வைப்பார்கள். அந்தச் சட்டத்துக்கும் பேட்டன் என்றே பெயர். மேசையில் வரைபவர்கள் ஆணிக்குப் பதிலாக ஈய எடைகளை வைத்து அதை நிறுத்தினார்கள். வடிவத்தை வைத்து அந்த எடைகளை வாத்து என்றும் திமிங்கிலம் என்றும் அழைத்தார்கள்.

சட்டம் வளைந்து நின்றதும் கைவினைஞர் தரையில் குனிந்து, ஒரு முனையிலிருந்து அதன் நீளத்தைக் கண்ணால் பார்ப்பார். எங்காவது மேடு பள்ளம் தெரிந்தால் அந்த இடத்து ஆணியை மட்டும் பிடுங்குவார். சட்டம் துள்ளி வேறிடத்துக்கு நகர்ந்தால், புள்ளி தவறு, சட்டம் சொல்வதே சரி. நகராமல் அங்கேயே நின்றால் புள்ளி சரி. கணக்கு சொன்னதை மரம் திருத்திவிடும்.

மரத்துக்கு எப்படித் தெரிந்தது? வளைக்கும்போது சட்டத்துக்குள் ஆற்றல் சேர்கிறது. கொடுத்த புள்ளிகளைத் தொட்டாக வேண்டும் என்ற கட்டாயத்துக்குள், எந்த வடிவத்தில் சேரும் ஆற்றல் மிகக் குறைவோ அந்த வடிவத்தில் அது போய் அமைகிறது. தேவைக்கு மேல் எங்கும் வளையாது. அதனால்தான் கோடு கண்ணுக்கு இதமாக இருக்கிறது, தண்ணீரும் அதன்மேல் தடங்கலில்லாமல் வழிகிறது. வளைந்த மெல்லிய சட்டத்தின் வடிவம் பற்றி கணிதவியலாளர் ஆய்லர் 1744-லேயே கணிதமாக எழுதிவிட்டார். வளைவு பெரிதாக இல்லாதபோது, இரண்டு எடைகளுக்கு நடுவே சட்டம் எடுக்கும் வடிவம் ஏறக்குறைய ஒரு முப்படிச் சமன்பாட்டின் கோடு. அடுத்த இரண்டு எடைகளுக்கு நடுவே இன்னொரு முப்படிக் கோடு. இரண்டும் சேரும் இடத்தில் சரிவும் ஒன்றே, வளைவின் அளவும் ஒன்றே. எங்கே ஒட்டினார்கள் என்று கண்ணுக்குத் தெரியாது.

இந்த வளையும் சட்டத்துக்கு ஸ்ப்லைன் என்ற பெயரும் உண்டு. 1946-இல் கணிதவியலாளர் ஐசக் ஷோன்பெர்க், துண்டு துண்டான சமன்பாடுகளை இப்படி இழைத்துச் சேர்க்கும் கணிதக் கோடுகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். இன்று கார் உடலையும் விமான இறக்கையையும் வடிவமைக்கும் மென்பொருள்களில் ஸ்ப்லைன் என்று ஒரு கருவி இருக்கும். திரையில் புள்ளிகளை வைத்தால் கோடு வழுவழுப்பாக வளைந்து போகும். அதைப் பயன்படுத்தும்போதெல்லாம், தரையில் குனிந்து ஆணி பிடுங்கிய அந்தக் கைவினைஞர்கள்தான் என் நினைவுக்கு வருவார்கள்.

மேடையிலும் விளக்கிலும்

நாடக மேடைக்கு மேலே, பார்வையாளருக்குத் தெரியாத உயரத்தில், குறுக்காக நீளக் குழாய்கள் தொங்கும். திரை, காட்சித் துணி, விளக்குகள் எல்லாம் அவற்றில்தான் மாட்டப்படுகின்றன. ஒரு காலத்தில் இவை மரச் சட்டங்களாக இருந்தன. இப்போது எஃகுக் குழாய்கள், ஆனால் பேட்டன் என்ற பெயர் மாறவில்லை.

பெரிய அரங்குகளில் ஒவ்வொரு பேட்டனுக்கும் எதிர் எடை உண்டு. கிணற்றில் ஏற்றம் வேலை செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கச் சுமைக்கு மறுபக்கச் சுமை ஈடு. இருபக்கமும் சமமாக இருந்தால் ஒரே ஆள் கயிற்றை இழுத்து நூற்றுக்கணக்கான கிலோவைத் தூக்கிவிடலாம். இதில் உயிர்காக்கும் ஒரு விதி இருக்கிறது. மாட்டும்போது முதலில் கீழே பேட்டனில் பொருளை மாட்ட வேண்டும், பிறகுதான் மேலே எடைகளைச் சேர்க்க வேண்டும். கழற்றும்போது முதலில் எடைகளை எடுத்துவிட்டு, பிறகு பொருளைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் எடைப்பக்கம் தடாலென்று கீழே பாயும், பேட்டன் மேலே பறக்கும். கீழே நிற்பவர்களுக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

மின்வேலையில் பேட்டன் மூன்று இடங்களில் வரும். பழைய கட்டடங்களில் சுவர்மேல் மரப் பட்டை அடித்து, அதன்மேல் கிளிப்புகளால் ஒயரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அது பேட்டன் ஒயரிங். சுவரிலோ கூரையிலோ நேராகத் திருகிப் பொருத்தும் பல்பு ஹோல்டர், பேட்டன் ஹோல்டர். ஒயரில் தொங்குவது அந்த வகை அல்ல. மூன்றாவது, இன்று கடைகளில் அதிகம் கேட்கும் எல்.இ.டி பேட்டன்.

இந்த மூன்றாவதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. டியூப் என்பது தனி விளக்கு. ஏற்கெனவே இருக்கும் சட்டத்தில் அதைப் பொருத்திக் கழற்றலாம். டி8 என்று போட்டிருந்தால் அதன் விட்டம் எட்டில் எட்டுப் பங்கு அங்குலம், அதாவது ஓர் அங்குலம் என்று பொருள். டி5 என்றால் எட்டில் ஐந்து பங்கு, சுமார் 16 மி.மீ. பேட்டன் என்பது விளக்கைத் தாங்கும் அந்த நீளச் சட்டம். முன்பு சோக்கும் ஸ்டார்ட்டரும் அதற்குள்தான் இருந்தன. எல்.இ.டி வந்த பிறகு பெரும்பாலும் விளக்கும் சட்டமும் ஒரே உடலாகிவிட்டன. ஆகவே பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் மாற்றுவதானால் டியூப் கேட்க வேண்டும், சட்டத்தோடு மாற்றுவதானால் பேட்டன் கேட்க வேண்டும்.

மர வணிகத்தில் பேட்டன் ஓர் அளவின் பெயராகவும் இருந்தது. பழைய பிரிட்டிஷ் வழக்கில் 11 அங்குல அகலம் பிளாங்க், 9 அங்குலம் டீல், 7 அங்குலம் பேட்டன். பழைய ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு மட்டும் இது பயன்படும்.

உறவில்லாத மற்ற இருவர்

தறியில் பாவு நூல்கள் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அவற்றுக்குக் குறுக்கே நாடா ஓடி ஊடை நூலை விட்டுச் செல்லும். அந்த ஊடை தளர்வாகக் கிடந்தால் துணி ஆகாது, ஏற்கெனவே நெய்த பகுதியோடு அதை நெருக்கி அடிக்க வேண்டும். சீப்பு போன்ற அச்சைத் தாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி அந்த அடியைக் கொடுக்கும் சட்டகம்தான் தறியின் பேட்டன். அடி வலுவாக இருந்தால் துணி நெருக்கமாகும், மென்மையாக இருந்தால் இழைகள் விலகி நிற்கும். 1733-இல் ஜான் கே பறக்கும் நாடாவை உருவாக்கியபோது மாற்றியதும் இந்த உறுப்பைத்தான். அதன் அடியில் நாடா ஓட வழவழப்பான ஒரு தடத்தையும், இரு முனைகளிலும் நாடா வந்து நிற்கப் பெட்டிகளையும் சேர்த்தார். அதுவரை அகலத் துணி நெய்ய, நாடாவை ஒருவர் வீச மற்றவர் பிடிக்க என்று இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பிறகு ஒருவரே கயிற்றைச் சுண்டி நெய்ய முடிந்தது.

வினைச்சொல்லாக வரும் ‘பேட்டன் ஆன்’ என்பதில் மரம் எங்கேயும் இல்லை. முதலில் ஆடுமாடுகள் நல்ல மேய்ச்சலில் தின்று கொழுப்பதைக் குறித்தது. பிறகு, ஒருவர் மற்றவர் உழைப்பையோ துன்பத்தையோ உண்டு கொழுப்பது என்று கசப்பான பொருள் ஏறியது. ஊரை அடித்து உலையில் போடுவது என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அந்தக் கோபம் இதில் இருக்கிறது. ‘டவுன்’ சேர்ந்தால் சட்டம், ‘ஆன்’ சேர்ந்தால் கொழுப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பேட்டன் நோய் என்று எங்காவது பார்த்தால் அதற்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை. பிரிட்டிஷ் மருத்துவர் ஃபிரெடரிக் பேட்டன் 1903-இல் விவரித்ததால் வந்த பெயர் அது. செல்கள் தம் கழிவை அகற்ற முடியாமல் போவதால் குழந்தைகளின் மூளையையும் பார்வையையும் பாதிக்கும் பரம்பரை நோய். 1936-இல் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்கு முதன்முதலில் தனியாக விமானம் ஓட்டிப் போன ஜீன் பேட்டனுக்கும் அது குடும்பப் பெயர்தான். அந்தப் பயணத்துக்கு அவருக்கு 11 நாளும் 45 நிமிடமும் ஆயின.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா இடத்திலும் பேட்டன் என்றே விட்டுவிடாதீர்கள். கூரை என்றால் ரீப்பர் அல்லது வரிச்சு, பாய் என்றால் சலாகை, கதவு என்றால் குறுக்குச் சட்டம், கப்பலின் திறப்பு என்றால் பட்டை. மேடையிலும் மின்கடையிலும் பேட்டன் என்பதே புழக்கத்தில் இருப்பதால் அங்கே அதை மாற்ற வேண்டியதில்லை. வளைகோடு வரையும் சட்டத்துக்கு மட்டும் எனக்கு இன்னும் ஒரு சொல் அமையவில்லை. இப்போதைக்கு ‘வளைசட்டம்’ என்று எழுதி வருகிறேன்.